உப்புத் தண்ணீரில் 14 மாதம்: என் மடக்குக் கத்தி

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் நான் போட் இன்ஜின் மெக்கானிக். 22 வருஷமாக இதே வேலை. விசைப்படகின் பெரிய இன்ஜினும் பார்ப்பேன், ஃபைபர் போட்டுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் லாங் டெயில் இன்ஜினும் பார்ப்பேன். ஸ்பேனர் பெட்டியைச் சில நாள் கடையிலேயே வைத்துவிட்டுப் போவதுண்டு. கால்சட்டைப் பையில் மடக்குக் கத்தி இல்லாமல் மட்டும் படகில் ஏறமாட்டேன். ரப்பர் ஹோஸ் அறுக்க, ஒயர் உரிக்க, பழைய பேக்கிங்கைச் சுரண்ட, புரொப்பல்லரில் சுற்றிய கயிற்றை எடுக்க எல்லாவற்றுக்கும் அதுதான்.

இப்போது இருக்கும் கத்தியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அதற்கு முந்தைய கத்தியைச் சொல்லியாக வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலம் எங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். படகெல்லாம் கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் எங்களுக்கு வேலை குவியும். அப்படி ஒரு மே மாதம், என் அக்கா மகன் கூட வேலைக்கு இருந்தான். ஐ.டி.ஐ. முடித்தவன், இருபது வயது, கைச்சுத்தமான பையன். கூலிங் லைனில் இறுகிப்போன ஒரு ஹோஸை அறுத்துக்கொண்டிருந்தான். கத்தி பாதியில் மாட்டிக்கொண்டது. வெளியே எடுக்க மணிக்கட்டைத் திருப்பி இழுத்தான். “மாமா” என்று ஒரு சத்தம்தான் கேட்டது. திரும்பிப் பார்த்தால், கத்தி அவன் ஆட்காட்டி விரல் மேலேயே மடங்கிக் கிடக்கிறது. நான்கு தையல். விரலை முழுசாக மடக்க அவனுக்கு இரண்டு மாதம் ஆனது.

அந்தக் கத்தியை நான்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன். ஆன்லைனில் 650 ரூபாய். கறுப்பு நிறம், முதுகில் ரம்பப் பல், அலகு 4.5 மில்லிமீட்டர் தடிமன். பட்டாளத்துக்காரர் கத்தி மாதிரி இருக்கிறதே, உடையாது என்று நம்பி வாங்கினேன். உடையவும் இல்லை. அலகு இன்றைக்கும் நேராகத்தான் இருக்கிறது. மடங்கியதுதான் பிரச்சினை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் கத்தியைப் பட்டறை மேசையில் வைத்து, இன்ஜினைப் பிரிப்பது மாதிரி ஸ்க்ரூ ஸ்க்ரூவாகப் பிரித்தேன். வெர்னியர் வைத்து அளந்தேன்.

அது லைனர் லாக் வகை. பிடிக்குள்ளே ஒரு பக்கத் தகடு ஸ்பிரிங் மாதிரி வளைந்து நிற்கும். கத்தியை விரித்ததும் அந்தத் தகடு அலகின் அடிக்குப் பின்னால் வந்து முட்டுக் கொடுக்கும். நல்ல கத்தியிலும் இந்த லாக் உண்டு, ஒழுங்காகச் செய்தால் ஒரு குறையும் இல்லை. இதில் அந்தத் தகடு 1 மில்லிமீட்டர்கூட இல்லை. முட்டுக் கொடுத்த இடம் நகக்கீறல் அகலம். அலகின் அடியில் அது உட்கார வேண்டிய முகம் அரம் போட்டது போல் சொரசொரப்பு. நேராக அழுத்தும்போது தாங்கியது. பக்கவாட்டில் திருகியதும் தகடு வழுக்கிவிட்டது. அலகு விரிந்து வந்து மோதி நிற்கிற ஸ்டாப் பின் என்ற குட்டிக் கம்பியைப் பார்த்தேன். கடினமாக்காத பச்சை இரும்பு, நடுவில் வளைந்திருந்தது. பின் வளைந்தால் அலகு கொஞ்சம் கூடுதலாகப் பின்னால் போகும், அப்போது லாக் உட்காரும் இடம் மாறும். மேலே எவ்வளவு தடித்த அலகு இருந்து என்ன செய்ய?

அடுத்து நான் அளந்ததுதான் எனக்கே புதுசு. கத்தி வாய்க்குச் சற்று மேலே, கூர் தொடங்குகிற இடத்தில், தடிமன் 1.2 மில்லிமீட்டர். வீட்டில் காய் நறுக்கும் கத்தியை எடுத்து அதே இடத்தில் அளந்தால் 0.3. அந்தக் கத்தி ஹோஸை அறுக்கவே இல்லை, ஆப்பு மாதிரி பிளந்துகொண்டு போயிருக்கிறது. பாதிக்கு மேல் போகாமல் மாட்டியது அதனால்தான். மாட்டியதால் பையன் திருகினான், திருகியதால் லாக் விட்டது.

அருவாளை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பாச்சேத்தி அருவாள் என்றால் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். அலகும் பிடிக்குள் போகிற காம்பும் ஒரே இரும்பு. கொல்லர் அடித்து, தோய்ச்சல் கொடுத்துவிட்டால், அதாவது சூடாக்கி முக்கிக் கடினமாக்கிவிட்டால், பலம் முழுவதும் அந்த ஒரே துண்டில் இருக்கிறது. மடக்குக் கத்தி அப்படிக் கிடையாது. நட்டநடுவில் ஒரு மூட்டு. நாம் கொடுக்கும் அழுத்தம் அத்தனையும் மூன்று சின்னப் பொருள்களின் மேல் போய் விழுகிறது: அலகு சுழல்கிற பிவட் ஸ்க்ரூ, ஸ்டாப் பின், லாக். எங்கள் பாஷையில் சொன்னால், கிராங்க் ஷாஃப்ட் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் பேரிங் போனால் இன்ஜின் போச்சு. ஹெவி டியூட்டி என்று அட்டையில் எழுதியிருக்கும் கத்திகளில் பாதி, அலகைத் தடியாக்கிவிட்டு மூட்டை அப்படியே விட்டவை.

அப்புறம் இரண்டு மாதம் தேடினேன். ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் தரையில் பரப்பி வைத்திருந்ததை எல்லாம் விரித்து விரித்துப் பார்த்தேன். அங்கே கத்தி கிடைக்கவில்லை, இரண்டு பக்கமும் தேய்க்கிற ஒரு நல்ல சாணைக்கல் கிடைத்தது. அதை இன்றுவரை வைத்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவியின் பெரியப்பா பிரான்சிலிருந்து லீவுக்கு வந்தார். புதுச்சேரியில் பல வீடுகளில் அப்படி ஒருவர் இருப்பார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தன் பையிலிருந்து மரப்பிடி போட்ட ஓபினெல் கத்தி ஒன்றை எடுத்து, “வெச்சுக்கோ தம்பி, அங்க வீட்டுக்கு வீடு இதான்” என்றார். எட்டாம் நம்பர், அலகு 8.5 சென்டிமீட்டர். சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் என்பவர் 1890இல் செய்ய ஆரம்பித்த கத்தி. இதன் லாக்கைப் பார்த்து அசந்துபோனேன். கழுத்தில் ஒரு இரும்பு வளையம், அதில் ஒரு வெட்டு. வளையத்தைத் திருப்பினால் வெட்டு நகர்ந்துவிடும், அலகு மடங்க வழி இல்லை. ஸ்பிரிங் இல்லை, தகடு இல்லை. 1955இல் சேர்த்த அமைப்பு, அடிப்படை இன்றைக்கும் அதேதான். அலகு காகிதம் மாதிரி மெல்லிசு, மாம்பழத்தை அது வெட்டும் அழகே தனி. ஆனால் பீச் மரத்துப் பிடி. எந்த மரமும் ஈரத்தில் உப்பும் என்பதால் துறைமுகத்துக்கு அதைக் கொண்டுபோனதே இல்லை. சமையலறையில் மரியாதையாக இருக்கிறது. கெட்டியான லாக்குக்குச் சிக்கலான வேலைப்பாடு தேவையில்லை என்று அந்த வளையம்தான் எனக்குக் காட்டியது.

சரி, இப்போதைய கத்திக்கு வருகிறேன். 3,800 ரூபாய். கம்பெனிப் பெயரைப் போடவில்லை. அதே பெயரை அடித்துப் போலியும் விற்கிறார்கள், பெயரை நம்பி நீங்கள் அதை வாங்கிவிடக் கூடாது. கத்தி கைக்கு வந்ததும் எதைப் பார்க்க வேண்டுமோ அதைச் சொல்கிறேன்.

அலகு 9 சென்டிமீட்டர் நீளம், முதுகில் 3.5 மில்லிமீட்டர். பழையதைவிட 1 மில்லிமீட்டர் மெல்லிசு. முதுகிலிருந்து வாய் வரை ஒரே சரிவாகத் தேய்த்து இறக்கியிருக்கிறார்கள், வாய்க்கு மேலே அளந்தால் 0.5. முதுகுப் பக்க லாக், அதாவது பேக் லாக். பிடியின் முதுகில் நீளமாக ஒரு இரும்புக் கட்டை ஓடுகிறது. அதன் நுனியில் ஒரு கொக்கி, அலகின் அடியில் வெட்டிய பள்ளத்தில் போய் விழும். விழும்போது “டக்” என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை இப்போது என் காது தானாகவே எதிர்பார்க்கிறது. உள்தகடு இரண்டு பக்கமும் 1.5 மில்லிமீட்டர் ஸ்டீல். மேலே ஜி10 பிடி. கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸியில் தோய்த்து அடுக்கி அழுத்திய பலகை அது. டீசலும் மீன் செதிலும் பட்டாலும் ஊறாது, ஈரக் கையிலும் வழுக்காது.

வாங்கிய அன்றே செய்த சோதனை இது. கத்தியை விரித்து, அலகு மடங்கும் வழியில் ஒரு விரலும் இல்லாதபடி பிடியைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மரக்கட்டை மேல் வைத்து மெதுவாக அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். ஓங்கி அடிக்கக் கூடாது, நல்ல லாக்கையே அது கெடுக்கும். பிறகு அலகு நுனியைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். இடவலமாக ஆடினால் பிவட் ஸ்க்ரூ தளர்ச்சி, அரைக்கால் திருப்பு திருப்பினால் போய்விடும். மேலும் கீழுமாக ஆடினால் அது லாக்கின் குறை, ஸ்க்ரூவை முறுக்கிச் சரியாகாது. அப்படி ஆடினால் அன்றே திருப்பி அனுப்புங்கள்.

பிவட்டைப் பற்றி ஒன்று. இப்போது நிறைய கத்திகளில் குட்டி பால் பேரிங் போடுகிறார்கள். தட்டினால் காற்று மாதிரி திறக்கும், கைக்கு சுகமாகத்தான் இருக்கும். எங்கள் ஊர் மணலுக்கு அது சரிவராது. குண்டுகளுக்கு நடுவே மணல் போனால் நறநறவென்று அரைக்கும், கழுவினாலும் முழுசாக வராது. என் கத்தியில் இருப்பது தட்டையான பாஸ்பர் வெண்கல வாஷர் இரண்டு. நல்ல தண்ணீரில் முக்கி நாலு தடவை திறந்து மூடினால் மணல் வெளியே வந்துவிடும்.

இந்தக் கத்தியை நான் முழுசாக நம்ப ஆரம்பித்த நாளைச் சொல்கிறேன். ஐப்பசி மாதம், மழை பிடிப்பதற்கு முந்தின வாரம். சிங்காரத்தோப்பு ஃபைபர் போட் ஒன்று இழுத்துக்கொண்டு வரப்பட்டது. புரொப்பல்லர் ஷாஃப்டில் நைலான் கயிறு. சுற்றிய கயிறு சும்மா இருக்காது. ஷாஃப்ட் ஓடும் உராய்வில் சூடாகி உருகி, ஆறியதும் எலும்பு மாதிரி இறுகிவிடும். இதுவும் அப்படித்தான், கொய்யாக்காய் அளவுக்கு ஒரு பச்சைக் கட்டி. அதற்கு ஒட்டினாற்போல், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல். “அண்ணே, ஹாக்ஸா எடுத்தாரவா?” என்றார் படகுக்காரர். ஹாக்ஸா போட்டால் கட்டி போகும், கூடவே சீலும் போகும்.

கத்தியை எடுத்தேன். கட்டியின் மேல் நீளவாக்கில் ஒரு கோடு கீறினேன். அதே கோட்டில் மறுபடி, மறுபடி. மெல்லிய வாய் என்பதால் ஒவ்வொரு இழுப்புக்கும் பச்சைச் சுருள் ஒன்று உரிந்து வந்தது, தச்சர் இழைப்புளி ஓட்டினால் வருமே அந்த மாதிரி. கால் மணி நேரத்தில் பள்ளம் ஷாஃப்டைத் தொடும் ஆழத்துக்கு வந்தது. அந்த இடத்தில் கத்தியின் அடிப்பக்கத்தை, நுனியை அல்ல, பள்ளத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி அறுத்தேன். மணிக்கட்டு திரும்பியபோதெல்லாம் என் கவனம் முழுவதும் லாக் மேல்தான். அது இம்மியும் நகரவில்லை. மொத்தம் 40 நிமிஷம். கட்டி இரண்டு ஓடாகக் கழன்று விழுந்தது, சீலில் ஒரு கீறல் இல்லை. முடித்ததும், இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜை எடுத்து லாக் கட்டைக்கும் அலகுக்கும் நடுவே விட்டுப் பார்த்தேன். 0.05 மில்லிமீட்டர் தகடுகூட நுழையவில்லை. பழைய கத்தியாக இருந்தால் அன்றைக்கு என் விரல்.

கட்டி கழன்று வரும் தருவாயில் நெம்பிவிடலாம் என்று கை போகத்தான் செய்தது. நெம்பவில்லை, ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டு வாங்கினேன். எந்த மடக்குக் கத்தியும், எவ்வளவு விலை ஆனாலும், நெம்புவதற்கு ஆனது கிடையாது. இதை என் கூட வேலை செய்கிற ஒவ்வொரு பையனிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பெயின்ட் டின் மூடியைக்கூடத் திறக்க விடமாட்டேன்.

ஸ்டீல் விஷயம். இது 14சி28என் என்ற ஸ்வீடன் நாட்டு எஃகு. கார்பன் 0.62 சதவீதம், குரோமியம் 14 சதவீதம், கொஞ்சம் நைட்ரஜன். கார்பன்தான் கடினம் கொடுக்கும், குரோமியம் துருவைத் தடுக்கும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. டி2 என்றொரு எஃகு இப்போது மலிவு விலையில் நிறைய வருகிறது, கூர் நன்றாக நிற்கும் என்று பெயர். அதிலும் 12 சதவீதம் குரோமியம் இருக்கிறது, அப்படியும் கடற்கரையில் துருப்பிடிக்கும். காரணம், கார்பன் அதில் 1.5 சதவீதம். அந்தக் கார்பன் குரோமியத்தில் பெரும்பங்கைத் தன்னோடு கட்டிப்போட்டு வைத்துக்கொள்கிறது, துருவைத் தடுக்க மிச்சம் போதவில்லை. திருக்கோவிலூர், விருத்தாசலம் பக்கம் வயல் வேலைக்கு டி2 அருமையாக உழைக்கும். தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் இருப்பவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். வெறுமனே ‘440 ஸ்டெயின்லெஸ்’ என்று போட்டிருந்தால் அதை நம்ப வேண்டாம். 440ஏ, 440சி என்று அதிலேயே வகை உண்டு. சி வகையில் கார்பன் ஏறக்குறைய 1 சதவீதம், ஏ வகையில் அதைவிட நன்றாகக் குறைவு. நல்லதைப் போட்டவர் எழுத்தையும் சேர்த்தே போடுவார்.

14 மாதத்தில் என் கத்தியின் அலகில் துரு இல்லை. பாக்கெட் கிளிப்பின் மூன்று ஸ்க்ரூவில் இரண்டில் துரு ஏறி, தலை மழுங்கிவிட்டது. நானே துளைத்து எடுத்து எவர்சில்வர் ஸ்க்ரூ போட்டேன். 3,800 ரூபாய்க்குக் கத்தி செய்கிறவர்கள் இந்த ஸ்க்ரூவை நல்லதாகப் போட்டிருக்கலாம், இதில் எனக்கு வருத்தம்தான்.

இன்னொரு குறை பேக் லாக்குக்கே உரியது. கொக்கி விழுகிற பள்ளம் அலகின் அடியில் குழியாக இருக்கிறது. உப்பும் செதிலும் பையில் இருக்கும் பஞ்சும் அதில் போய்ச் சேரும். ஒருநாள் காலையில் விரித்தபோது “டக்” வரவில்லை, “பொத்” என்றது. முதுகைத் தடவினால் லாக் கட்டை நகத்தின் தடிமன் அளவுக்குத் துருத்திக்கொண்டு நின்றது, அதாவது கொக்கி முழுசாக இறங்கவில்லை. ஈர்க்குச்சியை விட்டுக் கிண்டினேன், ஈர உப்பு கட்டியாக வந்தது. அதிலிருந்து தினமும் விரித்ததும் முதுகை ஒருமுறை விரலால் தடவிப் பார்க்கிறேன். சமமாக இருந்தால்தான் வேலை.

சாணை பிடிப்பது பெரிய வித்தை இல்லை. கல்லின் மேல் அலகைப் படுக்க வைத்து, அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்குங்கள், ஏறக்குறைய 20 டிகிரி வந்துவிடும். அதே உயரம் மாறாமல் ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே இருந்தால், மறுபக்கத்து வாயில் மெல்லிய பிசிறு கிளம்பும். கண்ணுக்குத் தெரியாது, பெருவிரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கம் குறுக்காக வழித்தால் சொரசொரவென்று தட்டும். அடியிலிருந்து நுனி வரை அது தட்டினால் திருப்பி மறுபக்கம். கடைசியில் அழுத்தமே இல்லாமல் பக்கத்துக்கு ஐந்து இழுப்பு, அப்புறம் பழைய தோல் பெல்ட்டில் வழிப்பது. எனக்கு மாதம் ஒருமுறை, பத்து நிமிஷம். சக்கர சாணையில் மட்டும் காய விட்டுக் கொடுக்காதீர்கள். வாய் நீலம் பூத்தால் சூட்டில் தோய்ச்சல் இறங்கிவிட்டது என்று அர்த்தம், அந்த இடம் அதற்குமேல் கூர் நிற்காது.

பண்ருட்டியில் மச்சான் தோப்பில் பலாவுக்கும் இதையே எடுத்துப் போனேன். அலகில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு வெட்டினால் பால் ஒட்டாது. ஆனால் பிவட்டில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளாக நாளாகப் பிசுபிசுத்து இறுகும். அங்கே தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பலாவை இரண்டாகப் பிளக்க 9 சென்டிமீட்டர் போதாது, அதற்கு அருவாள்தான். சுளை எடுக்கவும் சடை நீக்கவும் கச்சிதம்.

பட்டன் அழுத்தினால் ஸ்பிரிங்கில் பாய்ந்து திறக்கும் கத்தி வேண்டாம். வேலைக்கும் அது உதவாது, போலீஸ் கேட்டால் பதில் சொல்லவும் முடியாது. விமானத்தில் போவதாக இருந்தால் கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது.

எடை 150 கிராம். மேல்சட்டைப் பையில் போட்டால் இழுக்கும், கால்சட்டையில் தெரியாது. திறக்க அலகில் ஒரு ஓட்டை இருக்கிறது, கிரீஸ் கையோடும் பெருவிரல் நிற்கிறது. மூட லாக்கை அமுக்கிக்கொண்டே மற்றக் கையால் அலகை மடக்குவதுதான் நல்லது. ஒற்றைக் கையால் மூடப் பழக்கினால் விரல் வழியில் வரும்.

இந்த ஆடியில் இந்தப் பேக் லாக் கத்தியை அக்கா மகனிடம் கொடுத்துவிட்டேன். முதலில் வாங்கத் தயங்கினான், ஹோஸ் என்றால் இன்னும் ஹாக்ஸா பிளேடைத்தான் தேடிக்கொண்டிருந்தான். நேற்று ஒரு விசைப்படகில் எக்சாஸ்ட் ஹோஸ் மாற்றினோம். பையிலிருந்து எடுத்து விரித்தான், முதுகைத் தடவிப் பார்த்தான், அலகை மரத்தில் வைத்து ஒருமுறை அழுத்தினான். பிறகு நேராக ஒரே இழுப்பு, ஹோஸ் இரண்டாக விழுந்தது. “ரொம்ப லேசா போகுது மாமா” என்றான்.

எனக்கு அதே கத்தியில் இன்னொன்று சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை ஆரஞ்சுப் பிடி. கறுப்புப் பிடி இன்ஜின் அடியில் எண்ணெய்த் தண்ணீரில் விழுந்தால் டார்ச் அடித்தாலும் தெரிவதில்லை.